மடையை அடைத்த குற்றத்துக்கு

1

இந்த மாதத்தோடு நான் ரோட்டர்டாமுக்கு வந்து நான்கு வருடம் நிறைகிறது. அதைக் கொண்டாடும் விதமாக, என்னைத் தோட்டத்தை விட்டு வெளியேற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு கூட்டம் போட்டார்கள். "வெளிநாட்டு வாழ்க்கை எப்படிப் போகுது?" என்று ஊரில் எல்லாரும் கேட்கிறீர்களே, இதோ இப்படித்தான் போகிறது.

தோட்டம் என்றதும் தென்னந்தோப்பையும் மோட்டார் ரூமையும் நினைக்காதீர்கள். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, டிராம் பாதையை ஒட்டி, இரண்டு கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு நிலம். அதைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து நகரவாசிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது இரண்டு கட்டில் போடும் இடம். அதற்கும் பெரிய வரிசை. என் முறை வருவதற்குள் வீடு மாறி, வேலை மாறி, மூக்குக்கண்ணாடியின் பவரும் மாறிவிட்டது.

விளைந்ததை விற்கக் கூடாது. வீட்டுக்குப் போக மிஞ்சியதைத் தெருமுனையில் இருக்கும் பொதுச் சமையலறைக்குக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் அங்கே ஏரியாக்காரர்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவார்கள். சைக்கிளில் போய் எடுத்து வருகிற தூரத்தில் விளைந்ததுதான் பானைக்குள் போகும் என்பது அவர்கள் கொள்கை. 'உள்ளூர் உணவு' என்று சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். ராஜபாளையத்தில் இதற்குப் பெயரே கிடையாது. உழவர் சந்தையில் கூமாப்பட்டிக் கத்தரிக்காயும் சோழபுரத்து வெண்டைக்காயும் ஈரம் காயாமல் கிடக்கும். வாங்கி வந்து குழம்பு வைப்போம். கொள்கை என்று தெரியாமலே இத்தனை காலம் ஒரு கொள்கையைக் கடைப்பிடித்திருக்கிறோம்.

என் வேலையும் இதைச் சேர்ந்ததுதான். நகரத்தின் மொட்டை மாடிகளில் எங்கெங்கே காய்கறி போடலாம் என்று வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். அதாவது, காலையிலிருந்து மாலை வரை கம்ப்யூட்டரில் மாடிகளுக்குப் பச்சை அடிப்பேன். ராஜபாளையத்தில் இருக்கும் என் அண்ணன் மனைவி செல்வி மதினியோ பள்ளிக்கூட டீச்சர். பழைய பெயின்ட் வாளிகளில் மண் நிரப்பி, நிஜ மாடியில் நிஜத் தக்காளி பறிப்பவர். வீடியோ காலில் வாளி வாளியாகக் காட்டிவிட்டுக் கேட்பார்:

"ஏட்டி அபி, ஊரு பூராம் தோட்டம் போடப் போறேன்னு பேசுதியே, நீ ஒரு கீரைத்தண்டு பிடுங்கிக் காட்டு பாப்போம்."

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மகள் அந்தத் தக்காளியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். "அத்தை, அங்க புரோக்கோலி கிடைக்குமா?" என்று ஏக்கத்தோடு விசாரிப்பாள். நான் இங்கே அவரைக்காய்க்கு அலைகிறேன் கண்ணு என்றால் நம்புவதில்லை.

அந்த இரண்டு கட்டில் இடம் எனக்கு எவ்வளவு பெரிது என்று இப்போது புரிந்திருக்கும். பச்சை அடிக்கிறவள் பச்சையாக ஒன்றை வளர்த்தும் காட்டியாக வேண்டும். முளைக்கீரையும் கொத்தமல்லியும் விதைத்தேன். முளைத்தன. அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

2

எனக்கு அடுத்த கீற்று மரியானுடையது. டிராம் ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். ஊர்ப் பழக்கத்தில் முதல் நாளே டச்சு மொழியில் உள்ள மரியாதைச் சொல்லை எடுத்து விட்டேன். "நான் என்ன உனக்குக் கிழவியா?" என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முறைத்தார். அதிலிருந்து வாயில் ஒருமை, மனதுக்குள் மரியானக்கா. இனி அவர் பேசியதையெல்லாம் நம்ம ஊர்ப் பேச்சிலேயே எழுதப் போகிறேன். அந்தக் குரலுக்கு அதுதான் ஒட்டுகிறது.

மரியானக்கா போட்டிருந்தது உருளைக்கிழங்கு. ஜூன் மாதம் பொதுச் சமையலறையில் ஒரு பெரிய விருந்து நடக்கும். அதற்குக் கிழங்கு வருடா வருடம் அவர் கீற்றிலிருந்துதான் போகும்.

மே மாதத்தில் கொஞ்ச நாள் மழையே இல்லை. கீரை தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. பிறகு ஒருநாள் மதியம் ஒரு மழை வந்தது. நான் குடையைக் கூடப் பிடிக்காமல் தோட்டத்துக்கு ஓடினேன். போய்ப் பார்த்தால், பெய்த தண்ணீர் எல்லாம் கீற்றுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன வாய்க்காலில் சலசலவென்று ஓடி, என் மூலையில் இருக்கும் குழாய்க்குள் புகுந்து, ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓடையிலிருந்து பம்பு வைத்து ஆற்றுக்குத் தள்ளிவிடுவார்கள். இந்த ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. தண்ணீரை வெளியே அனுப்புவதற்கென்றே தனி வாரியம், தனி வரி, தனித் தேர்தல் எல்லாம் உண்டு. இங்கே தண்ணீர் என்பது வந்தவுடன் வழியனுப்ப வேண்டிய விருந்தாளி.

நான் வளர்ந்த தெருவில், "குழாயில தண்ணி வருது!" என்று ஒரு சத்தம் கேட்டால், தாலி கட்டும் நேரமாக இருந்தாலும் பந்தலில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். மாப்பிள்ளையும் ஒரு பார்வை பார்ப்பார். நல்ல தண்ணீர் கண்ணெதிரே ஓடிப்போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற பயிற்சி எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

தோட்டத்துக் கொட்டகையில் என் அரிசிச் சாக்கு ஒன்று கிடந்தது. அதைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்தேன். முன்னால் களிமண்ணை அப்பி, மிதித்து, உள்ளங்கையால் தடவி விட்டேன். மடை அடைத்தாயிற்று. தண்ணீர் செத்த நேரம் யோசித்தது. பிறகு மெதுவாகத் திரும்பி என் கீரைக்குள் வந்தது. அந்த அழகைப் பார்க்க உங்களில் ஒருத்தரும் பக்கத்தில் இல்லையே என்று ஏங்கினேன்.

அடைத்த கைதான் திறக்கவும் வேண்டும். அதுதான் மடைக்கு விதி. ஆனால் மறுநாள் வெளியூரில் ஒரு கருத்தரங்கு, அதில் நான் பேச வேண்டும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சின்ன மழைதானே, வந்து திறந்துகொள்ளலாம் என்று ஓடிவிட்டேன். நான் பேசிய தலைப்பு: நகரத்தில் விழும் மழையை நகரத்துக்குள்ளேயே நிறுத்துவது எப்படி. நல்ல கைதட்டல். நான் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ரோட்டர்டாமில் மழை பிடித்து, வார இறுதி முழுக்க விடாமல் கொட்டியது.

3

திரும்பி வந்து தோட்டத்துக் கதவைத் திறந்தபோது மரியானக்கா முழங்கால் பூட்ஸோடு தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கிழங்கு வரப்புகளின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. மற்றதெல்லாம் சின்னக் கண்மாய். அவர் கையில் என் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. அதில் கொட்டை எழுத்தில் 'பொன்னி அரிசி'. அந்தத் தோட்டத்தில் தமிழ் அச்சடித்த சாக்கு வைத்திருக்கக்கூடிய ஆளைத் தேடத் துப்பறியும் நாய் எதுவும் தேவைப்படவில்லை.

"இது உன்னுதா?"

"ஆமா."

"எதுக்குட்டி இதக் கொண்டுபோயி குழாயில சொருகுன?"

"தண்ணி வீணாப் போச்சு. அதான்..."

"தண்ணி வீணாப் போச்சா?" அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு பக்கம் ஓடை, இன்னொரு பக்கம் கால்வாய், மேலே மறுபடி இருட்டிக்கொண்டு வரும் வானம். "இந்த ஊர்லயா?"

அவர் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். கிழங்கு கையில் கூழாக வந்தது. அடித்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அந்தக் கிழங்கை என் வரப்பு மேல் வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சில நாளில் தோட்டக் கமிட்டியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மிக மரியாதையான மின்னஞ்சல். மரியான் புகார் கொடுத்திருக்கிறார், வடிகாலை அடைப்பது பெரிய விதிமீறல், உறுப்பினரை நீக்க இடமுண்டு, இன்ன நாளில் விசாரணைக்கு வரவும், காபி வழங்கப்படும். அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். காபி கொடுத்தால் நீக்குவார்களா, நீக்க மாட்டார்களா?

இதற்கு நடுவில் விருந்தும் நடந்தது. 'உள்ளூர் உணவு' என்று எழுதிய சுவருக்குக் கீழே, இந்த வருடம் கடையில் வாங்கிய கிழங்கு வெந்தது. பையைத் திருப்பிப் பார்த்தேன். எகிப்து. நைல் நதிக்கரையிலிருந்து எந்தச் சைக்கிளில் வந்ததோ. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரியானக்கா எதிர் மேசையில் உட்கார்ந்து அந்தக் கிழங்கை முள்கரண்டியால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கும் இறங்கவில்லை.

4

மதினிக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"மாமா, செத்த இங்க வாங்க! உங்க மக அங்க போயி மடைய அடச்சிட்டு வந்து நிக்கா!"

அப்பா நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சோழபுரத்தில் அரை ஏக்கர் வயல் உண்டு. போனை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, நான் நலமா என்பதல்ல.

"களிமண்ண சாக்குக்கு முன்னால வச்சியா, பின்னாலயா?"

"முன்னாலப்பா."

"கசிஞ்சுதா?"

"ஒரு சொட்டுக் கசியல."

"ம்ம்."

அந்த 'ம்ம்'மில் இருந்த பெருமையை என் பட்டமளிப்பு விழாவன்றுகூட நான் கேட்டதில்லை.

"நல்லா இருக்கு உங்க பெருமை! எடத்தப் புடுங்கப் போறாகன்னு பிள்ள அழுதுக்கிட்டு இருக்கா" என்றார் மதினி.

"இரு தாயி. ஏம்மா அபி, எதிர்பார்ட்டி யாரு?"

சொன்னேன்.

"விசாரணைக்கு அந்தம்மா எப்படி வருது?"

"அவங்க வீட்ல இருந்து வருவாங்க."

"தனியாவா?"

"ஆமாப்பா."

"தனியாவா வருது!" அப்பாவின் குரல் உண்மையிலேயே பதறியது. கிழங்கு அழுகியதைச் சொன்னபோதுகூட அவர் இப்படிப் பதறவில்லை. "நீ போயிக் கூட்டிட்டு வர மாட்டியா? என்னம்மா, நாலு வருசத்துல இப்படி ஆயிட்ட?"

5

வெளியூர் வாசகர்களுக்காக இங்கே ஒரு விளக்கம்.

சோழபுரத்தில் எங்கள் வயலுக்கும் சவேரியார் மாமா வயலுக்கும் ஒரே வாய்க்கால். யார் முதலில் மடையைத் திறப்பது என்று ஆரம்பித்த பேச்சு, வழக்காகி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. வாய்தா நாளில் இருவரும் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள். முந்தி ஏறியவர் பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு மற்றவருக்கு இடம் பிடித்து வைப்பார். வழி நெடுக உர விலை, மில் ஷிப்ட், யார் வீட்டில் விசேஷம் என்று பேச்சு. கோர்ட் வாசலில் இறங்கியதும் பிரிந்து, அவரவர் வக்கீலோடு ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்வதைக் கேட்டால் ஜென்மப் பகை என்று நினைப்பீர்கள். வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் ஒரே கடையில் டீ, ஒரே கடையில் பால்கோவா. அந்தப் பால்கோவாவுக்காக, வழக்கு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று நாங்கள் ஆண்டாளிடம் வேண்டிக்கொள்வோம். சவேரியார் மாமா வீட்டுப் பிள்ளைகள் அதையே மாதாவிடம் வேண்டிக்கொள்வார்கள். இரண்டு பேருமே எங்களைக் கைவிடவில்லை.

ஒருமுறை மாமாவுக்குக் கடும் காய்ச்சல். வாய்தாவுக்குப் போக முடியவில்லை. அப்பா மட்டும் போயிருந்தால் அன்றைக்கே ஏதாவது நடந்திருக்கும். அப்பாவும் போகவில்லை. "ஆளில்லாதப்ப ஜெயிச்சு அத என்ன செய்ய?" என்றார்.

ஆகவே விசாரணை நாளன்று நான் மரியானக்கா வீட்டு அழைப்பு மணியை அடித்தேன். சொல்லாமல் ஒரு வீட்டுக்குப் போவது இங்கே குற்றம். அதுவும் நாடே சாப்பிட உட்காரும் ஆறு மணிக்குப் போவது பெருங்குற்றம். எனக்குத்தான் குற்றம் பழகிவிட்டதே.

கதவு திறந்தது. கையில் முள்கரண்டி.

"என்ன?"

"கூட்டத்துக்குச் சேந்து போலாம்னு கூப்பிட வந்தேன்."

"எந்தக் கூட்டத்துக்கு?"

"என்னைய வெளிய அனுப்புற கூட்டத்துக்கு."

"புகார் குடுத்ததே நாந்தானட்டி!"

"தெரியும். அதான் வந்தேன்."

முள்கரண்டி என்னை நோக்கித் திரும்பியது. "ஓகோ, சமாதானமா? புகார வாபஸ் வாங்கணுமாக்கும்?"

"ஐயையோ, வேண்டாம். நீ சொல்ல வேண்டியத ஒண்ணு விடாமச் சொல்லு. எங்க ஊர்ல எதிர்பார்ட்டி தனியா வந்துச்சுன்னா நமக்குத்தான் கேவலம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிறுக்கா, தந்திரமா என்று எடை போடுவது தெரிந்தது. அப்பா அவ்வளவு தூரம் பதறியதில் அர்த்தம் இருக்கிறது என்று எனக்கே அந்த வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது. சமாதானம் பேச வருகிறவர்களைச் சந்தேகப்படலாம். கூடப் போக வருகிறவர்களை எப்படிச் சந்தேகப்படுவது?

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"நில்லு செத்த நேரம்."

கதவு மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது அவர் கோட்டை மாட்டியிருந்தார். கையில் ரொட்டி, நடுவே சீஸ் வைத்து மடித்தது. எனக்கு.

டிராமில் போனோம். நான் முந்தி ஏறிப் பக்கத்து சீட்டில் என் பையைப் போட்டு வைத்தேன். ஓட்டாத நாளில் டிராமில் ஏறினால் மரியானக்காவுக்குக் கால் சும்மா இருப்பதில்லை. தரையிலேயே பிரேக் போடுகிறார். "பாரு, இழுக்கிற இழுப்பப் பாரு. நிக்கிறவுக விழுந்திர மாட்டாகளா?" என்று முன்னால் ஓட்டுகிறவரை வழியெல்லாம் வைதார். நடுவில் அப்பாவின் வழக்கைச் சொன்னேன்.

"எம்புட்டு வருசமா நடக்குது?"

"நான் பொறக்குறதுக்கு முன்னால இருந்து."

அவர் தரையில் இன்னொரு பிரேக்கைப் போட்டார். "தீர்ப்பு வந்துட்டா பொறவு ரெண்டு பேரும் எப்படிச் சேந்து அந்தக் கோர்ட்டு ஊருக்குப் போவாக?"

எங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி.

6

தோட்டத்து மரக் கொட்டகையில் கூட்டம். சிவந்த முகமும் சாதுவான குரலும் கொண்ட தலைவர், கமிட்டிக்காரர்கள் சிலர், வேடிக்கை பார்க்க வந்த உறுப்பினர்கள். நாங்கள் இருவரும் ஒன்றாக நுழைந்ததைப் பார்த்ததும் தலைவர் முகம் மலர்ந்தது.

"புகார் வாபஸா?"

"இல்லை" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

மரியானக்கா எழுந்தார். சேர்ந்து வந்ததற்காக ஒரு சொல்லைக் குறைத்துக்கொள்ளவில்லை.

"மார்ச் மாசக் குளிர்ல முழங்காப் போட்டு நட்டது. விருந்துக்கு ஒரு கிழங்கு மிஞ்சல. வடிகால அடைக்கக் கூடாதுன்னு இந்த ஊர்ப் பச்சப்பிள்ளைக்குத் தெரியும். இவளுக்குத் தெரியல. தெரியாட்டிக் கேட்டிருக்கணும். கேக்கல. நம்ம சுவத்துல எழுதி வச்சிருக்கோம், தட்டுல எகிப்துக் கிழங்கு. எனக்கு அவமானமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

நான் பேச்சு தயாரித்து மனப்பாடம் செய்திருந்தேன். எழுந்ததும் டச்சு முழுவதும் ஓடைக்குப் போய்விட்டது. கையில் மிச்சமிருந்த வார்த்தைகளை வைத்துச் சொன்னேன்: "எங்க ஊர்ல ஓடுற தண்ணியை நிறுத்துறது நல்ல பழக்கம். யாரையும் கேக்காம நிறுத்துனது என் தப்பு. அடைச்சிட்டுத் திறக்காமப் போனது அதவிடப் பெரிய தப்பு. எனக்கு இந்த இடம் வேணும்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். "ஒரு சாக்கும் கொஞ்சம் களிமண்ணும் அவ்வளவு தண்ணீரை நிறுத்துமா?"

"நிறுத்திருச்சே" என்றார் மரியானக்கா, எனக்கு முன்னால்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் காபி குடித்துக்கொண்டே ஆலோசித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே மறுபடி முளைத்த என் கீரை, அதற்கு அந்தப் பக்கம் அவருடைய வெறும் கீற்று.

"நீக்கிட்டாங்கன்னா என்ன செய்வ?"

"மறுபடி வரிசையில நிப்பேன்."

"அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன்."

கதவு திறந்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். நீக்கவில்லை. ஆனால் குழாய்க்குப் பக்கத்தில் என்னை வைத்திருக்க முடியாது. ஆகவே இடமாற்றம். தோட்டத்தின் கடைசி மூலையில், ஓடைக் கரையில் ஒரு கீற்று காலியாக இருக்கிறது. தோட்டமே அந்தப் பக்கமாகத்தான் சரிந்திருக்கிறது. எல்லார் கீற்றுத் தண்ணீரும் கடைசியில் அங்கேதான் ஊறி வந்து நிற்கும். பூட்ஸ் புதையும். எடுத்தவர்களெல்லாம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"கடுமையான முடிவு என்று எங்களுக்குத் தெரியும்" என்றார் வருத்தத்தோடு.

கடைமடை! ஊரில் கடைமடை நிலக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். தலைமடையில் இருப்பவரெல்லாம் பாய்ச்சி முடித்த பிறகு, கண்மாய் திறந்தாயிற்று என்ற தகவல்தான் அவன் வயலுக்கு வந்து சேரும். இங்கே கடைமடைக்குத்தான் அம்புட்டுத் தண்ணியும். கெஞ்ச வேண்டாம், அடைக்க வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏற வேண்டாம். சேப்பங்கிழங்கு, புதினா, ஓரமாக ஒரு பிடி நெல் என்று மனதுக்குள் நட்டே முடித்துவிட்டேன். வாய் தானாக விரியத் தொடங்கியது.

மேசைக்குக் கீழே என் கால் மேல் பலமாக ஒரு மிதி விழுந்தது.

"ஏட்டி, பல்லக் காட்டாத" என்றார் மரியானக்கா, தலைவரைப் பார்த்தபடியே, உதடு அசையாமல். "மூஞ்சியத் தொங்கப் போடு."

தொங்கப் போட்டேன். என் கோலத்தைப் பார்த்துத் தலைவருக்கு மனம் கேட்கவில்லை. காபியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒழுங்காக நடந்துகொண்டால் அடுத்த வருடம் மேட்டுப் பக்கம் ஒரு நல்ல கீற்றுக்கு மாற்றித் தரப் பார்க்கிறோம் என்று ஆறுதல் சொன்னார். "வேண்டாம்!" என்று நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த மிதி விழுந்தது.